வாடகை வானம்

"லைசென்ஸே இல்லாம உன்கிட்ட எப்படிடா விமானத்தைக் குடுத்தாங்க?"

நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். படத்தில் நான் ஒரு செஸ்னா 172 விமானத்தின் இடது இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். தலையில் பச்சை நிற ஹெட்செட், முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. வேலை விஷயமாக இரண்டு வாரம் சான் ஹோசே போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை காலியாக இருந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் கோல்டன் கேட் பாலத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். நான் ரீட்-ஹில்வியூ என்ற சின்ன விமான நிலையத்துக்குப் போனேன். வீடுகளுக்கு நடுவில், ஒரு ஷாப்பிங் மாலுக்குப் பக்கத்தில், நம்ம ஊர் பஸ் டெப்போ மாதிரி இருக்கும் இடம். விமானத்தையும் அதோடு ஒரு பயிற்றுநரையும் ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தேன். அங்கே அது ஒரு சாதாரண காரியம். பிறந்தநாள் பரிசாகக்கூட வாங்கிக் கொடுக்கிறார்கள்.

2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் வெளிநாட்டுக்காரர்கள் முறையாக விமானம் ஓட்டக் கற்க வேண்டுமானால் பாதுகாப்புத் துறையின் அனுமதி தேவை. ஒரே ஒரு முறை, அறிமுகத்துக்காகப் பறப்பதற்கு அது வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டினேன், அவ்வளவுதான்.

பயிற்றுநர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதலில் விமானத்தைச் சுற்றி நடக்கவைத்தார். இறக்கைக்கு அடியில் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்து அழுத்திக் கொஞ்சம் பெட்ரோலை வடித்தார். வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். வெளிர் நீலம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் குமிழாகத் தங்கும், வேறு எரிபொருளை மாற்றி ஊற்றியிருந்தால் நிறத்தில் தெரியும். பிறகு ஓடுபாதையை நோக்கி ஊர்ந்தபோது, முன்னால் இருந்த ஸ்டியரிங் போன்ற பிடியைக் காரில் திருப்புவதுபோலத் திருப்பினேன். விமானம் நேராகப் புல்தரையை நோக்கிப் போனது. அவர் அலட்டிக்கொள்ளாமல் தன் பக்கத்துப் பெடலை மிதித்து நேராக்கினார். தரையில் இருக்கும்வரை விமானத்தைத் திருப்புவது கால்கள்தான். எல்லாருமே முதல் நாள் இந்தத் தப்பைச் செய்வார்களாம்.

மேலே போனதும் "இப்போ உங்க கையில்" என்று சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். நானும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். யார் கையில் இருக்கிறது என்பதில் சந்தேகமே வரக்கூடாது என்பதற்காக வைத்திருக்கும் வழக்கம். கிழக்கே ஹாமில்டன் மலை உச்சியில் லிக் வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடங்கள். வடக்கே வளைகுடா ஓரத்தில் செம்மண் நிறத்தில் உப்பளங்கள். சுமார் நாற்பது நிமிடங்கள், ஒரு டன் எடைகொண்ட ஓர் உலோகப் பொருளை நான் ஆகாயத்தில் வைத்திருந்தேன்.

அப்பாவின் கேள்வி நியாயமானது. லைசென்ஸ் இல்லாதவனிடம் எப்படிக் கொடுத்தார்கள்? பக்கத்தில் பயிற்றுநர் இருந்தார், விமானத்தில் எல்லாமே இரண்டு இரண்டாக இருந்தது, அதனால் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒட்டிக்கொண்டு வந்தது. அம்பத்தூரில் பிறந்து, மொட்டை மாடியில் படுத்தபடி மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களை எண்ணி வளர்ந்தவன் நான். இந்த நாற்பது நிமிடங்களுக்கு நான் ஏன் பூமியின் மறுபக்கம் போக வேண்டியிருந்தது? சென்னையில் இது இல்லவே இல்லையா, அல்லது இருந்து போய்விட்டதா?

*

பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்து ஆரம்பிக்கலாம்.

முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷ் விமானிகளில் நிறையப் பேர் எதிரியின் குண்டு படாமலேயே, பயிற்சியிலேயே இறந்துபோனார்கள். சொல்லிக்கொடுப்பதற்கு அப்போது முறை என்று ஒன்று கிடையாது. போர்முனையிலிருந்து களைத்துத் திரும்பியவர்களைப் பயிற்றுநர்களாகப் போட்டார்கள். அவர்களில் பலருக்கு மாணவனைக் கண்டால் பயம். எது ஆபத்தோ அதைத் தொடாதே என்பதுதான் பாடம். ராபர்ட் ஸ்மித்-பேரி என்ற அதிகாரி இதைத் தலைகீழாக்கினார். 1917இல் இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் அவர் நடத்திய பள்ளியில் மாணவனை வேண்டுமென்றே ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோனார்கள். விமானம் சுழன்று விழட்டும், எப்படி மீள்வது என்று கற்றுக்கொள் என்றார்கள். அதற்கு இரண்டு விஷயங்கள் தேவைப்பட்டன. ஒன்று, இருவருக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கருவிகள். இன்னொன்று, எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே பேசிக்கொள்ள ஒரு வழி. மருத்துவரின் ஸ்டெதஸ்கோப் மாதிரி ஒரு ரப்பர் குழாயை இரண்டு தலைக்கவசங்களுக்கும் நடுவில் பொருத்தினார்கள். கோஸ்போர்ட் குழாய் என்றே அதற்குப் பெயர் வந்தது.

என் ஹெட்செட்டின் பாட்டன் அந்தக் குழாய்தான். புதிதாகச் சேர்ந்தவரை முதல் வாரமே நிஜ சர்வரில் கை வைக்க விட்டு, தப்பு நடந்தால் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு சீனியரை உட்காரவைக்கும் கம்பெனிகளுக்கும் தெரியாமலேயே ஸ்மித்-பேரி ஒரு முன்னோடி.

போர் முடிந்தபின் இந்த முறை குடிமக்களிடம் வந்தது. 1925இல் டி ஹாவிலாண்ட் கம்பெனி 'மாத்' என்ற சிறிய விமானத்தைப் பறக்கவிட்டது. மரமும் துணியும். முன்னும் பின்னுமாக இரண்டு திறந்த இருக்கைகள். இறக்கைகளை மடக்கி ஒரு கொட்டகைக்குள் தள்ளிவிடலாம். முன் இருக்கையில் பயிற்றுநர், பின் இருக்கையில் மாணவர், நடுவில் குழாய். உலகம் முழுக்க ஃப்ளையிங் கிளப்புகள் முளைத்தது இந்த விமானத்தை நம்பித்தான். இந்தியாவுக்கும் அதுதான் வந்தது.

*

ஆனால் சென்னைக்கு விமானம் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது.

1910 மார்ச் மாதம். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி'ஏஞ்செலிஸ் கார்சிகாத் தீவுக்காரர். அதற்கு முந்தைய வருடம் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி அவரைப் பிடித்து ஆட்டியது. தானே ஒரு விமானத்தை வடிவமைத்து, அதைச் செய்துதரும்படி சிம்ப்சன் கம்பெனியிடம் கொடுத்தார். 1840இல் சேணமும் குதிரை வண்டியும் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. விமானத் தொழிற்சாலை என்று ஒன்று இல்லாத ஊரில், மரத்தை வளைக்கவும் துணியை இழுத்துக் கட்டவும் தெரிந்தவர்கள் வண்டி செய்பவர்கள்தானே. ரைட் சகோதரர்களும் சைக்கிள் கடைக்காரர்கள்தான். பின்னாளில் சைக்கிள் தொழிற்சாலையால் பெயர் வாங்கிய அம்பத்தூரைச் சேர்ந்தவன் என்பதால் இதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு.

பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் பறந்து காட்டினார் டி'ஏஞ்செலிஸ். இந்தியாவின் முதல் விமானப் பறத்தல், ஏன் ஆசியாவிலேயே முதல் என்றுகூடச் சொல்கிறார்கள். பாடப் புத்தகங்களில் இடம்பிடித்த அலகாபாத் தபால் விமானம் பறந்தது 1911 பிப்ரவரி 18 அன்றுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று அந்தக் கட்டணம். சென்னைவாசிகள் விமானத்துக்காக முதன்முதலில் காசு கொடுத்தது அண்ணாந்து பார்ப்பதற்கு. கையில் பிடிப்பதற்குக் காசு கொடுக்கும் வாய்ப்பு வர இன்னும் இருபது வருடங்கள் ஆயின.

*

1928இல் இந்திய அரசு ஃப்ளையிங் கிளப்புகளுக்கு உதவ முடிவு செய்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, கராச்சி ஆகிய ஊர்களில் கிளப்புகள் தொடங்கின. அரசு மானியம், டி ஹாவிலாண்ட் மாத் விமானங்கள், இங்கிலாந்திலிருந்து வந்த பயிற்றுநர்கள். 1929 பிப்ரவரி 10 அன்று பம்பாயில் ஜே.ஆர்.டி. டாட்டா லைசென்ஸ் வாங்கினார். அதில் எண் 1 என்று போட்டிருந்தது. பிறகு இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுண்டு பரிசு அறிவித்தார். டாட்டா இந்தியாவிலிருந்து கிளம்பினார், 17 வயது ஆஸ்பி எஞ்சினியர் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார். எகிப்தின் அபூகிர் விமானத்தளத்தில் இருவரும் சந்தித்தபோது ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டு நின்றார். டாட்டா தன்னிடம் கூடுதலாக இருந்ததைக் கொடுத்தார். ஆஸ்பி ஜெயித்தார். பின்னாளில் இந்திய விமானப்படைத் தளபதியும் ஆனார்.

மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பும் இந்த அலையில் பிறந்ததுதான், 1930ஐ ஒட்டி. பரங்கிமலைக்குத் தெற்கே மீனம்பாக்கத்தின் மைதானம்தான் அதன் வீடு. இன்று சர்வதேச விமான நிலையம் இருக்கும் இடத்தில் முதலில் வந்தது கிளப்தான், அதன் பிறகுதான் விமானக் கம்பெனிகள். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு டாட்டா தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். ஏர் இந்தியாவின் கதை அதுதான். ஆனால் அந்தத் தபால் வந்து இறங்கிய ஊரில் அதற்கு முன்பே சனி, ஞாயிறுகளில் சிலர் பொழுதுபோக்காகப் பறந்துகொண்டிருந்தார்கள்.

யார் அந்தச் சிலர்? இங்கேதான் ஆசை கொஞ்சம் அடங்குகிறது. வெள்ளைக்கார கம்பெனி அதிகாரிகள், ஜமீன்தார்கள், பெரிய வியாபாரிகளின் பிள்ளைகள். கிளப் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் என்ன பொருளோ அதுதான். மானியம் கொடுத்த அரசுக்கும் கணக்கு இருந்தது. போர் வந்தால் ஓட்டத் தெரிந்தவர்கள் கைவசம் இருக்க வேண்டும். அம்பத்தூரிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ ஒரு விவசாயி மகன் போய் "ஒரு மணி நேரம் வாடகைக்கு" என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். 'அந்தக் காலத்துல எல்லாம் இருந்துச்சு' என்ற ஏக்கத்தோடு இந்த வரலாற்றைப் படிப்பது தப்பு. எனக்கு அந்தக் காலத்தில் வாய்ப்பு இருந்திருக்காது.

*

போர் வந்தது. அதன் தடயம் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கிறது.

புழல் ஏரியை எங்களுக்குக் குடிதண்ணீராக மட்டும்தான் தெரியும். 1942இலிருந்து அது பிரிட்டிஷ் விமானப்படையின் தளம். ரெட்ஹில்ஸ் லேக் என்று அவர்களுடைய ஆவணங்களில் இருக்கும். 240ஆவது ஸ்குவாட்ரனின் கேட்டலீனா விமானங்கள் தண்ணீரில் இறங்கும், தண்ணீரிலிருந்தே எழும்பும். இறக்கையின் நீளம் மட்டும் 104 அடி. ஒரே மூச்சில் இருபது மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடியவை. வங்காள விரிகுடா முழுக்க ஜப்பானியக் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் தேடின. இரவுகளில் பர்மாக் கரைக்கு உளவாளிகளைக் கொண்டுபோய் இறக்கிய விமானங்களும் இதே ஏரியிலிருந்துதான் கிளம்பின. இன்று மெட்ரோ வாட்டர் லாரி வந்து நின்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே, அந்தத் தண்ணீரின் மேல்தான் இவ்வளவும் நடந்திருக்கிறது.

ஏரியைத் தாண்டி வடக்கே போனால் சோழவரம். போருக்காகப் போட்ட ஓடுபாதை அங்கே இருந்தது. தாம்பரம், அரக்கோணம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று தமிழ்நாட்டில் போர்க்கால ஓடுபாதைகளின் வரிசை ஒன்று உண்டு. தாம்பரமும் அரக்கோணமும் இன்று ராணுவத்திடம் உயிரோடு இருக்கின்றன. மற்றவை பெரும்பாலும் வெடித்த கான்கிரீட்.

சோழவரத்துக்கு மட்டும் ஒரு மறுபிறவி கிடைத்தது. 1950களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார், பைக் பந்தயங்களை நடத்தியது. 1990ஐ ஒட்டி இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வரும்வரை அதுதான் தென்னிந்தியாவின் பந்தய மைதானம். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களோடு அம்பத்தூர்–செங்குன்றம் சாலை வழியாகச் சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறார். டேங்க் செய்யும் ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். எஞ்சின் சத்தம் கேட்டால் போதும், அவருக்குச் சாப்பாடு வேண்டாம். "விமானம் ஓடறதுக்குப் போட்ட ரோடுடா, அதான் கார் அப்படிப் பறக்கும்" என்பார். அந்த ஓடுபாதையில் அவர் ஒரு விமானத்தைக்கூடப் பார்த்ததில்லை.

சோழவரத்தில் ஓட்டியவர்களில் கோயம்புத்தூர் கரிவர்த்தன் முக்கியமானவர். குறைந்த செலவில் இளைஞர்கள் பந்தயத்துக்கு வரவேண்டும் என்று மாருதி எஞ்சினை வைத்தே பந்தயக் கார்களைச் செய்தவர். 1995இல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்துபோனார். இந்தக் கட்டுரையில் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சின்ன விமானம் பொம்மை இல்லை. நான் ஓட்டிய நாற்பது நிமிடங்களும் அந்த இளைஞரின் கால்கள் பெடலுக்கு ஓர் அங்குலம் மேலேயே இருந்தன.

*

சுதந்திரத்துக்குப் பிறகுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதர்கள் வருகிறார்கள்.

1924இல் பிறந்த உஷா, மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பில் பயிற்றுநராக இருந்த வி. சுந்தரத்தை மணந்தவர். பிறகு இருவரும் பெங்களூருக்குப் போனார்கள். ஜக்கூரில் மைசூர் அரசு தொடங்கிய விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949இல் தேர்ச்சி பெற்றார் உஷா. சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று அவரைச் சொல்கிறார்கள். மைசூர் மகாராஜாவின் டகோட்டா விமானத்தைக் கணவரோடு சேர்ந்து ஓட்டினார். 1951இல் சென்னை அரசு ஒரு டி ஹாவிலாண்ட் டவ் விமானம் வாங்க முடிவு செய்தபோது, இருவரும் இங்கிலாந்துக்குப் போய் அதைத் தாங்களே ஓட்டி வந்தார்கள். 27 மணி நேரத்தில் இந்தியா. பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் அது ஒரு சாதனை.

இவர்களைப் பற்றிய இன்னொரு கதையைச் சென்னையில் நிறையப் பேர் சொல்வார்கள். 1959இல் ஒரு மழை வெள்ளத்தின்போது சுந்தரம் சிறு விமானத்தில் தி. நகருக்கு மேலே பறந்துகொண்டிருந்தார். கீழே தண்ணீரில் இரண்டு நாய்க்குட்டிகள் தத்தளிப்பது தெரிந்தது. தரையிறங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு போய், அவற்றை மீட்டுக்கொண்டு வந்தார். புளூ கிராஸ் அமைப்பு அங்கிருந்துதான் தொடங்கியது.

நான் இந்தக் கதையை முன்பே கேட்டிருக்கிறேன், விலங்கு நேயக் கதையாக. சான் ஹோசேக்குப் பிறகு வேறு மாதிரி கேட்கிறது. 35,000 அடியில் போகும் ஏர்பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஊர் என்பது ஒரு வரைபடம். ஆயிரம் அடியில் மெதுவாகப் போகும் சின்ன விமானத்தில் துணி காயும் கொடி தெரியும், நீச்சல் குளத்தில் மிதக்கும் பந்து தெரியும். நாய்க்குட்டியும் தெரியும்.

அதே காலத்தில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஃப்ளையிங் கிளப்புகளுக்கென்றே ஒரு விமானம் செய்தது. 1958இல் முதலில் பறந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். 90 குதிரைத்திறன். புஷ்பக் என்று பெயர். அமெரிக்காவின் ஏரோன்கா சீஃப் வடிவத்தை ஒட்டிச் செய்தது. 150க்கு மேல் செய்து நாடு முழுக்கக் கிளப்புகளுக்குக் கொடுத்தார்கள். தன் குடிமகன் பொழுதுபோக்காகவும் பறக்கலாம் என்று ஓர் ஏழை நாடு நினைத்து, அதற்கு ஒரு விமானத்தையும் உள்ளூரிலேயே செய்தது என்பதை இப்போது படிக்கும்போது நம்ப முடியவில்லை.

*

அப்புறம் என்ன ஆச்சு?

ஒரு வில்லன் கிடைத்தால் எழுதுவது சுலபமாக இருக்கும். கிடைக்கவில்லை. பல சின்னக் காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின.

முதலில் இடம். விமானம் ஓட்டக் கற்பதில் பெரும்பகுதி ஒரே ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்து, இறங்கி, நிற்காமல் மறுபடி எழும்புவதுதான். மீனம்பாக்கம் பெரிய விமான நிலையம் ஆனபிறகு அது எப்படி முடியும்? சென்னையின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. ஒன்றில் விமானம் இருந்தால் இன்னொன்று காத்திருக்க வேண்டும். 180 பேரோடு ஒரு ஜெட் இறங்க வரிசையில் நிற்கும்போது, மணிக்கு நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் தள்ளாடி வரும் ஒரு மாணவனுக்கு யாரும் இடம் தர மாட்டார்கள். போதாததற்குப் பெரிய விமானம் போன பிறகு காற்றில் சுழல் இருக்கும். சின்ன விமானத்தை அது கவிழ்த்தே விடலாம்.

அடுத்தது பெட்ரோல். அந்த வெளிர் நீலப் பெட்ரோலுக்கு ஆவ்கேஸ் என்று பெயர். ஜெட் எரிபொருள் என்பது மண்ணெண்ணெய் வகை, அது வேறு. உலகம் ஜெட்டுக்கு மாறியபின் ஆவ்கேஸ் தேவைப்பட்டது பெரும்பாலும் பயிற்சி விமானங்கள் போன்ற சின்ன விமானங்களுக்குத்தான். இந்தியா அதைப் பல காலம் இறக்குமதி செய்தே ஓட்டியது. 2022இல்தான் இந்தியன் ஆயில் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் அதைத் தயாரிக்கத் தொடங்கியது.

மூன்றாவது, நாம். இந்தியாவில் சொந்த மகிழ்ச்சிக்கு ஓட்டும் லைசென்ஸுக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். சம்பளத்துக்கு ஓட்டும் லைசென்ஸுக்கு 200 மணி நேரம். இன்று பயிற்சிப் பள்ளிக்குப் போகிற கிட்டத்தட்ட எல்லாருடைய கண்ணும் அந்த 200 மேல்தான். வீட்டை அடமானம் வைத்து, கடன் வாங்கி, ஏர்லைன் வேலைக்காகப் படிக்கிறார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் வேலைக்கு ஆகாத நாற்பது மணி நேரத்தை யாராவது விரும்பினால், "எதுக்கு?" என்ற கேள்வி வரும். நடிகர் அஜித்குமார் விமானி லைசென்ஸ் வைத்திருக்கிறார் என்பது நமக்கு ஒரு நட்சத்திரச் செய்தியாகத்தான் இருக்கிறது. சான் ஹோசேயில் எனக்கு முன்னால் விமானத்தை எடுத்துப்போனவர் ஒரு பள்ளி ஆசிரியை.

அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கான விமான நிலையங்கள் சுமார் 5,000. இந்தியாவில் இயங்குபவை 150ஐ ஒட்டி. கோபிநாத் 2003இல் ஏர் டெக்கான் தொடங்கி, ஒரு ரூபாய் டிக்கெட் வரை கொண்டுவந்தார். 'சூரரைப் போற்று' பார்த்து நாம் எல்லாரும் அழுதோம். அவர் திறந்துவிட்டது பயணியின் இருக்கையை. அது பெரிய காரியம். அப்பா முதன்முதலில் விமானம் ஏறியதே அப்படி ஒரு மலிவு டிக்கெட்டில்தான். விமானியின் அறைக் கதவு மட்டும் அப்படியே மூடிக்கிடக்கிறது. சென்னைக்காரருக்கு ஆசை இருந்தால் பெங்களூர் ஜக்கூர் வரை போகலாம். அங்கே சின்ன விமானங்களில் கூட்டிப்போவார்கள்.

*

அப்போ மேற்குச் சென்னையில் ஒரு சின்ன ஓடுபாதை வேண்டும் என்று கேட்கலாமா? இதை எழுதும்போது கை கூசுகிறது. பூந்தமல்லியிலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால், காஞ்சிபுரத்துக்கு முன்னால் பரந்தூர் பக்கம் திரும்பலாம். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்காக 5,000 ஏக்கருக்கு மேல் எடுக்கும் திட்டம் 2022இல் வந்தது. வயல், ஏரி, வீடு எல்லாம் அதில் அடக்கம். ஏகனாபுரம் மக்கள் அப்போதிருந்து போராடுகிறார்கள். அவர்களிடம் போய் ஆகாயத்தின் அழகைப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் செஸ்னா மாதிரி ஒரு விமானத்துக்கு 800 மீட்டர் நேரான தரை போதும். அது புதிதாக யாருடைய வயலும் ஆக வேண்டியதில்லை. எண்பது வருடங்களுக்கு முன்பு போருக்காக எடுத்த நிலங்கள் உளுந்தூர்பேட்டையிலும் கயத்தாறிலும் செட்டிநாட்டிலும் ஏற்கெனவே கான்கிரீட்டாகக் கிடக்கின்றன. எடுத்ததையாவது பயன்படுத்தலாமே என்பதுதான் என்னால் கேட்க முடிந்த அதிகபட்சம்.

இந்த ஆசை அற்பமானதா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது அப்துல் கலாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் காட்சிக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துத்தான் விமானப் பொறியியல் எடுத்தார். டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். 25 பேரில் ஒன்பதாவது இடம், எடுத்தது எட்டுப் பேரை. அதன் பிறகு ராக்கெட், ஏவுகணை, பாரத ரத்னா, குடியரசுத் தலைவர் மாளிகை எல்லாம் வந்தன. 2006 ஜூன் 8 அன்று, 74 வயதில், புனே விமானத்தளத்தில் ஒரு சுகோய்-30 விமானத்தில் இணை விமானியாக ஏறி அரை மணி நேரத்துக்கு மேல் பறந்தார். கூட ஓட்டியவர் ஒரு விங் கமாண்டர். கொஞ்ச நேரம் கலாமும் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தார். நாட்டின் முப்படைகளுக்கும் தலைவராக ஆன பிறகுதான், ராமேஸ்வரத்துப் பையனுக்கு அந்த இருக்கை கிடைத்தது. இடையில் ஏறக்குறைய ஐம்பது வருடங்கள். ஒரு ஃப்ளையிங் கிளப்பின் கதவு அவருக்குத் திறந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்திருக்கும்.

*

ஊருக்குத் திரும்பிய வாரம் அப்பாவோடு பைக்கில் புழல் ஏரிக்கரைக்குப் போனேன். கேட்டலீனா விமானங்கள் பற்றிச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "இவ்ளோ பெருசா? தண்ணியிலயா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். அவருக்கு உண்மையில் பிடித்திருந்தது அந்தப் பெட்ரோல் குப்பி. அதை எப்படி வைத்தார்கள், எங்கே அழுத்தினார்கள், எத்தனை இடத்தில் வடித்தார்கள் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். "அதான் வேலை. ஏறதுக்கு முன்னாடி அதைச் செஞ்சானே, அவன் கெட்டிக்காரன்."

என் லாக்புக்கை எடுத்துக் காட்டினேன். விமானம் ஓட்டக் கற்பவர்கள் வைத்திருக்கும் கணக்குப் புத்தகம். முதல் வரி மட்டும் நிரம்பியிருந்தது. தேதி, விமானத்தின் எண், பயிற்றுநரின் கையெழுத்து. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்தார்.

"எறக்குனது யாரு?"

"அவர்தான்ப்பா."

"அதானே பாத்தேன்" என்று புத்தகத்தை மூடிக் கொடுத்தார். தெற்கே, மீனம்பாக்கத்தை நோக்கி ஒரு விமானம் தாழ்ந்துகொண்டிருந்தது. அது மறையும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது பைக் சாவியை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். "நீ பின்னாடி உக்காரு. நான் ஓட்டறேன்."